எந்தக் குட்டை, எத்தனை அடி ஆழம்?

2008 டிசம்பர் 22. நள்ளிரவு தாண்டி ஒரு மணிகூட ஆகவில்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கிங்ஸ்டன் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குட்டையின் கரை உடைந்தது. சுமார் 42 லட்சம் கனமீட்டர் ஈரச் சாம்பல் எமரி ஆற்றை அடைத்து, கரையோர வீடுகளைத் தள்ளிக்கொண்டு போய், ஏறத்தாழ 300 ஏக்கரில் பரவி நின்றது. அடுத்த சில நாட்களில் அங்கே போய்ச் சேற்றை அள்ளி வந்தவர்களில் டியூக் பல்கலைக்கழகத்தின் அவ்னர் வெங்கோஷ் குழுவும் உண்டு. ஆர்செனிக் எவ்வளவு, பாதரசம் எவ்வளவு, ரேடியம் எவ்வளவு என்று அவர்கள் அளந்தார்கள். அன்று சாம்பலைப் பற்றிக் கேட்க வேறு கேள்வி இருக்கவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2016இல், அதே பல்கலைக்கழகத்தின் ஹைலீன் சூ-கிம் குழு அமெரிக்க மின் நிலையங்களின் சாம்பலைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டது. அளந்தது நியோடிமியம், டிஸ்ப்ரோசியம், இட்ரியம். மூன்றும் அருமண் தனிமங்கள். மின்சாரக் காரின் மோட்டாருக்கும் காற்றாலைக்கும் வேண்டிய காந்தங்கள் இவற்றில் முதல் இரண்டை நம்பித்தான் இருக்கின்றன. கேள்வி மாறிவிட்டது, சாம்பல் மாறவில்லை.

2024இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் பிரிட்ஜெட் ஸ்கான்லன் குழு ஒரு பெரிய எண்ணைச் சொன்னது. அமெரிக்காவில் குவிந்திருக்கும் நிலக்கரிச் சாம்பலில் 1.1 கோடி டன் வரை அருமண் தனிமங்கள் இருக்கலாம். அந்நாட்டுச் சுரங்கங்களில் இருப்பாகக் கணக்கிடப்பட்டதைப் போல இது ஏறத்தாழ எட்டு மடங்கு. எடுக்கக்கூடியதன் மதிப்பு 840 கோடி டாலர். செய்தித்தாள்கள் குப்பையில் புதையல் என்று தலைப்புப் போட்டு முடித்துக்கொண்டன.

அந்த எண்ணில் பிழை இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் அது பெருக்கல் கணக்கு. இந்தப் படுகையின் நிலக்கரியில் இவ்வளவு இருக்கிறது, இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு எரித்தார்கள், ஆகவே சாம்பலில் இவ்வளவு இருக்க வேண்டும் என்று வந்த விடை. புல்டோசரோடு வந்து நிற்கும் ஆளுக்கு அது உதவாது. எந்தக் குட்டையில், எந்த மூலையில், எத்தனை அடி ஆழத்தில், எந்த வடிவில் என்பதே அவருக்கு வேண்டும். நாட்டுக் கணக்குக்கும் குட்டை வரைபடத்துக்கும் நடுவே இருக்கிற தூரத்தைத்தான் இப்போது புவியியலாளர்களும் வேதியியலாளர்களும் கடக்கப் பார்க்கிறார்கள். அது வெளியே தெரிவதைவிடக் கடினமான வேலை.

சாம்பலுக்குள் இவை வந்த வழியிலிருந்து தொடங்கலாம். நிலக்கரியில் எரியாத பகுதி பத்து சதவீதம் என்றால், எரிந்து முடித்த சாம்பலில் எரியாத தனிமங்கள் எல்லாம் ஏறக்குறைய பத்து மடங்கு செறிந்துவிடும். கொதிகலன் செலவில்லாமல் செய்து தரும் செறிவூட்டல் இது. இதில் நம்மவர்களுக்கு ஓர் ஏமாற்றம் உண்டு. இந்திய நிலக்கரியில் சாம்பல் பங்கு பெரும்பாலும் 35 முதல் 45 சதவீதம். அதனால் எரிப்பு தரும் செறிவு இரண்டு, மூன்று மடங்கோடு நின்றுவிடும். மலையாகச் சாம்பல் கிடக்கிறது என்பதற்காக அது வளமான சாம்பல் ஆகிவிடாது.

நிலக்கரிக்குள் இவை ஏன் வந்தன என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். கிழக்குக் கென்டக்கியில் ‘ஃபயர் கிளே’ என்றொரு நிலக்கரி அடுக்கு இருக்கிறது. முப்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சதுப்புக்காட்டின் மீது எரிமலைச் சாம்பல் வந்து படிந்தது. அது இன்று நிலக்கரியின் நடுவே சில அங்குலம் தடித்த களிக்கோடாகக் கிடக்கிறது. எரிமலை கொண்டுவந்த அருமண் தனிமங்கள் அந்தக் கோட்டிலும் அதை ஒட்டிய கரியிலும் தேங்கின. இந்த அடுக்கின் நிலக்கரி எரிந்த சாம்பலில் டன்னுக்கு ஒரு கிலோவுக்கும் மேல் அருமண் கிடைத்ததுண்டு. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஹோவர் பல பத்தாண்டுகளாக இதைப் பின்தொடர்ந்தவர். சுரங்கம் ஒன்றைத் தாண்டிப் பக்கத்துச் சுரங்கத்துக்குப் போனாலே எண் மாறிவிடும் என்பதை அவருடைய வேலையில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

இனி கொதிகலனுக்குள் நடப்பது. வெப்பம் 1,400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆர்செனிக், செலினியம், ஜெர்மானியம், ஓரளவு காலியம் ஆகியவை ஆவியாகி, புகை குளிரும்போது மிக நுண்ணிய சாம்பல் துகள்களின் மேல் வந்து ஒட்டும். புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் ‘ஈ.எஸ்.பி.’ கருவியின் முதல் வரிசைப் பெட்டிகளில் பெருந்துகள் விழும். பின் வரிசைகளில் நுண்துகள். ஆகவே பின் வரிசைச் சாம்பலில் ஆர்செனிக்கும் ஜெர்மானியமும் கூடுதலாக இருக்கும். அருமண் தனிமங்கள் ஆவியாவதில்லை. அவை உருகிய சிலிக்கா-அலுமினாவுக்குள் கரைந்து, கண்ணாடி உருண்டைகளுக்குள் மாட்டிக்கொள்கின்றன. அல்லது உருகாத சிறு கனிமத் துணுக்குகளாகவே அந்தக் கண்ணாடிக்குள் அடைபடுகின்றன.

ஒரே நாளில், ஒரே கொதிகலனிலிருந்து வரும் சாம்பலுக்குள்ளேயே இத்தனை வேறுபாடு. இதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே குட்டைக்கு அனுப்பினால் அடுத்த பிரிப்பு தொடங்குகிறது. நெல் தூற்றும்போது மணி காலடியிலும் பதர் தள்ளியும் விழுவதுபோல, குழாய் வாய்க்கு அருகில் பெருந்துகளும் அடிச்சாம்பலும் படிந்து மேடாகும். நுண்சாம்பல் நீரோடு போய்க் குட்டையின் மறுகோடியில் அமரும். உள்ளே காற்று அடைத்த உருண்டைகள் மிதந்து காற்றடிக்கும் பக்கம் ஒதுங்கும். குழாய் வாய் ஒரே இடத்தில் இருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு மூலை நிரம்பியதும் அதை நகர்த்துவார்கள். கரையை உயர்த்துவார்கள். சிமென்ட் ஆலைக்காரர்கள் கேட்டால் ஒரு பக்கம் வாரிக் கொடுப்பார்கள். மில்லில் அரைபடாத கந்தகக் கற்களையும், புகையைக் கழுவிய ஜிப்சச் சேற்றையும் அதே குட்டையில்தான் கொட்டியிருப்பார்கள்.

இதற்கெல்லாம் அடியில் ஓர் ஐம்பதாண்டுக் கொள்முதல் வரலாறு இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மின் நிலையங்கள் பல, தொடக்கத்தில் பக்கத்து அப்பலாச்சிய மலைகளின் நிலக்கரியையோ இல்லினாய் படுகையின் கந்தகம் மிகுந்த நிலக்கரியையோ எரித்தன. 1980இல் ரயில் கட்டண விதிகள் தளர்ந்தன. 1990இல் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டு, கந்தகப் புகைக்குக் கடிவாளம் விழுந்தது. விளைவாக வயோமிங், மொன்டானா பக்கத்துப் பவுடர் ரிவர் படுகையின் கந்தகம் குறைந்த நிலக்கரி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ரயிலேறிக் கிழக்கே வந்தது. அப்படிக் கரியை மாற்றிய நிலையத்தின் குட்டையில் துளை போட்டால் கீழே கிழக்கின் சாம்பல், மேலே மேற்கின் சாம்பல். இரண்டும் வேதியியலில் வேறு வேறு இனம். பின்னாளில் நைட்ரஜன் புகையைக் குறைக்கும் எரிகலன்கள் வந்தபோது சாம்பலில் எரியாத கரி கூடியது. பாதரசத்தைப் பிடிக்கக் கரித்தூள் தூவியபோது அதுவும் சாம்பலோடு சேர்ந்தது. ஒவ்வொரு சட்டத்துக்கும் குட்டையில் ஓர் அடுக்கு உண்டு.

ஆகவே வரைபடம் போடுகிறவர் முதலில் கையில் எடுப்பது துளைக்கருவி அல்ல, பழைய காகிதங்கள். எந்த ஆண்டில் எந்தச் சுரங்கத்துக் கரி வந்தது என்பதை அமெரிக்க மின் நிலையங்கள் அரசிடம் தெரிவித்தே தீர வேண்டும். அந்தப் பதிவுகள் பொதுவில் கிடைக்கின்றன. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் நாடெங்கும் திரட்டிய நிலக்கரி மாதிரிகளின் பகுப்பாய்வுத் தொகுப்பு ‘கோல்குவால்’ என்ற பெயரில் இருக்கிறது. குழாய் வாய் எந்தப் பத்தாண்டில் எங்கே இருந்தது என்பதைப் பழைய விமானப் படங்கள் காட்டும். குட்டை வருமுன் அந்த இடம் பள்ளத்தாக்காக இருந்தபோது வரைந்த நிலவரைபடத்தை இன்றைய லேசர் அளவீட்டிலிருந்து கழித்தால் சாம்பலின் தடிமனே கிடைத்துவிடும். தொழிலில் இருக்கும் ஒருவர், ஓய்வுபெற்ற பம்பு ஆபரேட்டர் ஒருவரைக் கண்டுபிடித்துப் பேச வைத்தால், ஐந்து துளைகளின் செலவு மிச்சம் என்று சொல்வார். நம்பலாம்.

பிறகுதான் துளை. இங்கே சாம்பல் தன் குணத்தைக் காட்டும். மேலே காய்ந்து கெட்டித்தரை மாதிரி இருக்கும், ஆழத்தில் நீர் ஊறியிருக்கும், அதிர்ந்தால் குழம்பாகிவிடும். கனமான துளைக்கருவியை ஏற்றுவதற்கு முன் தரை தாங்குமா என்று பார்த்தாக வேண்டும். கூம்பு முனைக் கம்பியை அழுத்தி இறக்கி, முனை உணரும் தடையையும் துளைநீர் அழுத்தத்தையும் அளப்பார்கள். நுண்சாம்பல் எங்கே, பெருஞ்சாம்பல் எங்கே என்று சில சென்டிமீட்டர் நுணுக்கத்தில் இது சொல்லிவிடும், ஆனால் கையில் மாதிரி வராது. மாதிரி வேண்டுமென்றால் அதிர்வுத் துளைக்கருவியால் குழாயை இறக்கி, உள்ளே சாம்பல் தூண் கலையாமல் தூக்க வேண்டும். தூக்கும்போது கீழ்ப்பகுதி நழுவி விழுந்துவிடுவது வழக்கம். நழுவுவது எப்போதும் நீர் ஊறிய, தளர்ந்த அடுக்கு. அதனால் வரைபடத்தில் விடுபடும் பகுதிகளும் தற்செயலாக விடுபடுவதில்லை. ஒரே வகைச் சாம்பல்தான் திரும்பத் திரும்ப விடுபடும்.

மாதிரி ஆய்வகத்துக்குப் போனதும் வேறு வகைச் சிக்கல். ‘ஐசிபி-எம்எஸ்’ கருவி தனிமங்களை நூறு கோடியில் ஒரு பங்கு வரை எண்ணும். ஆனால் சாம்பலை முழுக்கக் கரைத்துக் கொடுத்தால்தான். கண்ணாடியும் சிர்கான் என்ற கனிமத்தின் துணுக்குகளும் சாதாரண அமிலத்துக்கு மசியாது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும், அல்லது லித்தியம் போரேட்டோடு உருக்கிக் கரைக்க வேண்டும். ஓர் ஆய்வகம் பாதி கரைத்தும் இன்னொன்று முழுதும் கரைத்தும் தந்த எண்களை ஒரே வரைபடத்தில் போட்டால் அது குட்டையின் படமாக இருக்காது. ஆய்வகங்களின் படமாக இருக்கும். இதைத் தவிர்க்கத்தான் அமெரிக்கத் தர நிறுவனம் அளவு உறுதி செய்யப்பட்ட சாம்பல் தூளையே புட்டியில் அடைத்து விற்கிறது. ஒவ்வொரு தொகுதி மாதிரியோடும் அதையும் ஓட்டிப் பார்ப்பார்கள். இன்னொரு பொறியும் இருக்கிறது. பவுடர் ரிவர் சாம்பலில் பேரியம் அதிகம். கருவிக்குள் பேரியம் ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாகும் அயனியின் எடை, யூரோப்பியத்தின் எடையோடு ஒன்றிவிடும். திருத்தாமல் விட்டால் இல்லாத யூரோப்பியம் கூடுதலாகத் தெரியும். தேடும் தனிமத்தைக் கூட்டிக் காட்டும் இத்தகைய பிழையை முதலீட்டாளர் யாரும் சந்தேகப்படுவதில்லை.

முப்பது துளைகள் போட்டாயிற்று, நானூறு மாதிரிகள் அளந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். குட்டையோ நூறு ஏக்கர். துளைகளுக்கு நடுவே இருப்பதை என்ன செய்வது? இதற்கான விடை தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களிலிருந்து வந்தது. 1950களின் தொடக்கத்தில் டேனி கிரிஜ் என்ற சுரங்கப் பொறியாளர், விட்வாட்டர்ஸ்ராண்டின் சிதறலான துளை மாதிரிகளிலிருந்து பாறைத் தொகுதியின் சராசரித் தங்க அளவை நம்பத்தக்க விதத்தில் கணிக்க வழி தேடினார். பிரான்சின் ஜார்ஜ் மாத்ரோன் அதற்கு முறையான கணிதம் அமைத்து, கிரிஜின் பெயரையே முறைக்கும் ‘கிரிகிங்’ என்று சூட்டினார். கிரிகிங்கின் கரு எளியது. பக்கத்துப் பக்கத்து மாதிரிகள் ஒத்திருக்கும், தள்ளிப் போகப் போக ஒற்றுமை குறையும். அது எந்த வேகத்தில் குறைகிறது என்பதை மாதிரிகளிலிருந்தே கற்றுக்கொண்டு, நடுவிலுள்ள இடத்தைக் கணிக்க வேண்டும். சாம்பல் குட்டையில் கிடைத்திசையில் ஐம்பது மீட்டர் நடந்தாலும் சாம்பல் பெரிதாக மாறாமல் இருக்கலாம். செங்குத்தாக அரை மீட்டர் இறங்கினால் ஒரு பத்தாண்டு கடந்திருக்கலாம். இரண்டு திசைக்கும் ஒரே அளவுகோலை வைத்தவர் படம் அழகாக வரும், பயன்படாது.

கிரிகிங் தரும் இரண்டாவது படத்தைப் பலர் அச்சிடுவதே இல்லை. அது பிழையின் படம்: எந்த இடத்தில் கணிப்பு எவ்வளவு உறுதியற்றது என்பதைக் காட்டுவது. அடுத்த துளையை எங்கே போடுவது என்பதை இந்தப் படம்தான் சொல்லும். கரும்சிவப்பில் ‘வளமான பகுதி’ என்று காட்டிய இடம், ஒற்றை மாதிரியை நம்பி நின்றதா என்பதையும் இதுதான் போட்டுக் கொடுக்கும்.

ஆனால் எத்தனை துல்லியமாக வரைந்தாலும், மொத்த அளவை மட்டும் காட்டும் படத்தை நான் அரைகுறை என்றே சொல்வேன். அப்பலாச்சியச் சாம்பலில் சராசரியாக டன்னுக்கு 431 கிராம் அருமண். பவுடர் ரிவர் சாம்பலில் 264 கிராம். படத்தில் முதலாவது சிவப்பாகவும் இரண்டாவது மங்கலாகவும் தெரியும். எடுக்கப் போனால் அப்பலாச்சியச் சாம்பல் சுமார் 30 சதவீதத்தைத்தான் விட்டுத் தரும், பவுடர் ரிவர் சாம்பல் சுமார் 70 சதவீதத்தை. பெருக்கிப் பாருங்கள்: 129 கிராமும் 185 கிராமும். ஏழைச் சாம்பல் முந்திவிட்டது. மேற்குச் சாம்பலில் கால்சியம் அதிகம், அமிலத்தில் எளிதாகக் கரையும். கிழக்குச் சாம்பலின் கண்ணாடியை உடைக்க முதலில் காஸ்டிக் சோடாவோடு வறுக்க வேண்டும், செலவு ஏறும்.

சுரங்கத் தாதுவோடு ஒப்பிட்டால் இரண்டுமே பிச்சைக்காசு. கலிஃபோர்னியாவின் மவுன்டன் பாஸ் தாதுவில் அருமண் ஆக்சைடு ஏழு, எட்டு சதவீதம். இருந்தும் சாம்பலை ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம் தென்சீனக் களிமண். அங்கே டன்னுக்கு 500 கிராம் இருந்தாலே தோண்டுகிறார்கள். உலகின் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் பெரும்பகுதி அத்தகைய களியிலிருந்துதான் வந்தது. அந்தக் களியில் அருமண் மேற்பரப்பில் ஒட்டியிருக்கிறது. அம்மோனியம் சல்பேட் உப்புநீர் போதும், கழன்று வந்துவிடும். களிக்கும் சாம்பலுக்கும் அளவு ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் ஒட்டியிருப்பதற்கும் கண்ணாடிக்குள் அடைபட்டிருப்பதற்கும் இடையே.

எந்த அருமண் என்ற கேள்வியும் இருக்கிறது. பதினேழு தனிமங்களில் சீரியமும் லாந்தனமும் எடையில் பெரும்பங்கு, விலையில் மலிவு. மறைந்த ரஷ்ய அறிஞர் விளாதிமிர் செரெதினும் சீனாவின் தாய் ஷிஃபெங்கும் 2012இல் ஓர் எளிய விகிதத்தைப் பரிந்துரைத்தார்கள்: தட்டுப்பாடான தனிமங்களின் கூட்டுத்தொகையை மேலே போட்டு, தேவைக்கு மேல் கிடைப்பவற்றின் கூட்டுத்தொகையால் வகுப்பது. மொத்த அளவோடு இந்த விகிதத்தையும் சேர்த்து வண்ணமிட்டால் வளமான பகுதிகள் இடம் மாறிவிடும்.

அருமண் மட்டும்தானா என்றால், இல்லை. நிலக்கரிச் சாம்பலில் ஜெர்மானியம் இருப்பதை 1930 வாக்கிலேயே விக்டர் கோல்ட்ஷ்மிட் கண்டார். சீனாவின் யுன்னான், உள் மங்கோலியா பகுதிகளில் சில நிலக்கரிப் படிவங்களை எரித்து, அவற்றின் சாம்பலிலிருந்து இன்றும் ஜெர்மானியம் எடுக்கிறார்கள். 2023இல் சீனா காலியம், ஜெர்மானியம் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றதும் மற்ற நாடுகளின் பார்வை சாம்பல் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை. வேடிக்கை ஒன்றும் உண்டு. அமெரிக்கா 2022இல் வெளியிட்ட 50 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் ஆர்செனிக்கும் இருக்கிறது. கிங்ஸ்டனில் நஞ்சாக அளந்ததும் காலியம் ஆர்சனைடு சில்லுக்கு மூலப்பொருளாகத் தேடுவதும் ஒரே தனிமம். ஆகவே நல்ல வரைபடம் இரண்டு பட்டியலையும் ஒன்றாகவே காட்ட வேண்டும். நுண்சாம்பல் மிகுந்த மூலையில் ஜெர்மானியத்தோடு ஆர்செனிக்கும் செலினியமும் கூடியிருக்கும். அங்கே தோண்டினால் நிலத்தடி நீரில் முதலில் இறங்கப் போவது எது என்பதும் அதே படத்தில் தெரிந்தாக வேண்டும்.

இந்தக் கேள்விகள் நமக்குத் தொலைவில் இல்லை. 2023இல் இந்திய அரசும் 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலை வெளியிட்டது. ஒடிசாவின் தால்சேர் நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. வெளிநாட்டுக் கரியும் கலக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த சாம்பலைப் பற்றி அங்குள்ள மீனவர்களிடம் கேட்டால் குழாய் எந்தெந்த இடத்தில் உடைந்தது என்பதுவரை சொல்வார்கள். எந்தக் கப்பலின் கரி குட்டையின் எந்த அடுக்கில் கிடக்கிறது என்ற படம்தான் வேண்டியது. நம் நிலக்கரியின் சாம்பல் பங்கை வைத்துப் பார்த்தால் முடிவு உற்சாகமாக இராது என்றே நினைக்கிறேன். ‘இங்கே எடுக்க ஒன்றுமில்லை’ என்று உறுதியாகச் சொல்லும் வரைபடமும் பணத்தை மிச்சப்படுத்தும்.

அமெரிக்காவில் இப்போதைய நெருக்கடி நேரக் குறைவுதான். 2015இல் வந்த நிலக்கரிச் சாம்பல் விதிகளும், கைவிடப்பட்ட பழைய குட்டைகளையும் வளைத்துப்போட்ட 2024இன் விதிகளும் குட்டைகளை மூடச் சொல்கின்றன. மூடுவதற்கு இரண்டு வழி. ஒன்று, இருந்த இடத்திலேயே நீரை வடித்து, மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் பற்றவைத்து, மண்ணைப் பரப்பிப் புல் நடுவது. அதன் பிறகு போடும் ஒவ்வொரு துளையும் அந்த விரிப்பில் ஓட்டை. இன்னொன்று, தோண்டி எடுத்து, அடியில் விரிப்பு போட்ட கிடங்குக்கு மாற்றுவது. சாம்பல் ஊர்விட்டு ஊர் போவதும் நடக்கும்: கிங்ஸ்டனில் எமரி ஆற்றிலிருந்து அள்ளியதில் பெரும்பகுதி ரயிலேறிப் போய் அலபாமாவின் யூனியன்டவுன் பக்கத்துக் கிடங்கில் கிடக்கிறது. வட கரோலினாவில் 2014இல் டான் ஆற்றில் 39,000 டன் சாம்பல் கொட்டிய பிறகு நீண்ட வழக்குகள் நடந்தன. முடிவில் அங்குள்ள மின் நிறுவனம் ஏறத்தாழ 8 கோடி டன்னைத் தோண்டி மாற்ற ஒப்புக்கொண்டது.

தோண்டும் இடத்தில் அடுக்குகள் எல்லாம் வரிசையாக வெளியே தெரிகின்றன. துளைக்கருவி தேவையில்லை. லாரி எடைமேடையில் நிற்கும்போது ஒரு கரண்டி சாம்பலும், பொக்லைன் நின்ற இடத்தின் ஜிபிஎஸ் எண்ணும், வெட்டிய மட்டத்தின் உயரமும் பதிவாகிவிட்டால் போதும். போட வேண்டிய துளைகளின் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறை. பொக்லைன் ஓட்டுகிறவரின் ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு பத்தி சேர்க்க வேண்டியிருக்கும். அதை வேலை தொடங்கும் முன் சேர்க்க வேண்டும்.